ஆரணிப் பட்டுக்கு ஆரணி என்றே பெயர் சொல்லுங்கள்!

கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. முகூர்த்தச் சேலை எடுக்க ஒரு குடும்பம் பட்டணத்துப் பட்டுக் கடைக்குப் போகிறது. பாட்டி, தாய், கல்யாணப் பெண், அத்தை என்று நாலு பேர். கூடவே பணப்பையை இடுக்கிக்கொண்டு பெண்ணின் தந்தை.

வெள்ளை விரிப்பின் மேல் சேலைகள் மளமளவென்று விழுகின்றன. அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில் கழுத்து நிறம். பெண்ணின் கண் ஒரு சேலையில் நிற்கிறது. உடல் அரக்கு. கரை பச்சை. கரை நெடுக ஜரிகையில் ருத்திராட்சக் கொட்டைகள்.

"இது எந்த ஊருப் பட்டு, தம்பி?" என்று பாட்டி கேட்கிறாள்.

"சுத்தமான காஞ்சிபுரம், பாட்டி!" என்கிறார் கடைக்காரர்.

பாட்டி திருப்தியாகத் தலையை ஆட்டுகிறாள். சேலை அட்டைப் பெட்டிக்குள் போகிறது.

ஆனால் அந்தச் சேலை காஞ்சிபுரத்தைக் கண்ணாலும் கண்டதில்லை! அது பிறந்தது ஆரணிப் பக்கத்தில், ஓட்டு வீடு ஒன்றின் தறிக்குழியில்.

சேலையில் குற்றமில்லை. பட்டு நல்ல பட்டு. நெசவு நல்ல நெசவு. நிறம் நல்ல நிறம். குற்றமெல்லாம் அதற்குச் சொன்ன பெயரில்தான் இருக்கிறது.

இது ஏதோ ஒரு கடையில் ஒரு நாள் நடப்பது அல்ல. எத்தனையோ ஊர்களில், எத்தனையோ முகூர்த்தங்களில் நடப்பது. "நல்ல பட்டு என்றால் காஞ்சி. காஞ்சி என்றால்தான் நல்ல பட்டு" என்று மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. அதனால் நல்ல ஆரணிச் சேலைக்குத் தன் பெயரைச் சொல்லிக்கொள்ளும் பாக்கியம் இல்லை. பெற்றவள் ஒருத்தி, பெயர் பெறுகிறவள் ஒருத்தி!

இது மாற வேண்டும்.

ஆறு அணிந்த ஊர்

திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது ஆரணி. 1989-ஆம் ஆண்டு வரை இது வட ஆர்க்காட்டு மாவட்டத்து ஊர். காஞ்சிபுரத்திலிருந்து செய்யாறு வழியாக வந்தால் அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஜவ்வாது மலையில் பிறந்து வரும் கமண்டல நாகநதி ஊரை ஒட்டிப் போகிறது. ஆற்றை அணியாக உடையதால் ஆரணி என்று பெயர் வந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள்.

சரித்திரப் புத்தகத்தில் இந்த ஊருக்கு இடம் உண்டு. ஆனால் பட்டுக்காக அல்ல, சண்டைக்காக! 1751-ல் ராபர்ட் கிளைவ் இங்கே ஒரு சண்டையில் வெற்றி கண்டார். 1782-ல் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் இங்கே மோதின. மாணவர்கள் இதைப் பரீட்சைக்குப் படிப்பார்கள்.

சண்டைக்கு வந்தவர்கள் போய்விட்டார்கள். தறிகள் மட்டும் இருக்கின்றன. ஆரணியிலும், அதைச் சுற்றியுள்ள தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு முதலிய ஊர்களிலும் பட்டு நெசவு இன்னும் உயிரோடு இருக்கிறது. தெருவில் நடந்தால் தறிச் சத்தம் காதில் விழும்.

வடகிழக்கே சற்றுத் தொலைவில் காஞ்சி. அது பல்லவர் ஆண்ட தலைநகரம். கோயில் நகரம். நாலா பக்கமிருந்தும் யாத்திரிகர்கள் வந்து போகும் இடம். சாமி கும்பிட வந்தவர்கள் பட்டும் வாங்கிப் போனார்கள். போன இடமெல்லாம் "காஞ்சிப் பட்டு" என்று சொன்னார்கள். காஞ்சி நெசவாளியின் திறமையோடு ஊரின் புகழும் சேர்ந்துகொண்டது.

ஆரணிக்கு அந்தப் புகழ் வாய்க்கவில்லை. அரிசி ஆலைகளுக்குப் பெயர் போன ஊர் அது. அரிசி வாங்க வருகிறவன் "ஆரணி அரிசி" என்று ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறான். பட்டு வாங்க வருகிறவன் மட்டும் ஊர்ப் பெயரை மறைத்து எடுத்துப் போகிறான். வேடிக்கை அல்லவா?

குழிக்குள் இரண்டு கால்

ஒரு பட்டுச் சேலை எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால், இதில் உள்ள அநியாயம் விளங்கும்.

பட்டுப்புழு தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகிறது. ஒரு கூட்டிலிருந்து எடுக்கும் இழை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம் இருக்கும். தலைமயிரைவிட மெல்லியது. பல கூட்டின் இழைகளைச் சேர்த்தால்தான் ஒரு நூல். அந்த நூலை முறுக்கேற்ற வேண்டும். பிறகு சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். அப்போது நூலில் இருக்கும் பசை கரைந்து போகும். எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆனால் அப்போதுதான் பட்டுக்கு அந்தப் பளபளப்பும் மென்மையும் வரும்.

அதன் பிறகு சாயம். சாயம் காய்ந்த பிறகு ராட்டினம். ராட்டினத்தில் உட்காருகிறவர் பெரும்பாலும் வீட்டுப் பெண். அடுப்பில் சோறு கொதிக்கும்போதே கை நூலைச் சுற்றும். ஊடைக்கு வேண்டிய நூலைத் தாரில் சுற்றி நாடாவுக்குள் வைப்பதும் அவள்தான்.

பாவு என்பது சேலையின் நீளவாட்டு நூல். ஆயிரக்கணக்கான இழைகள். பழைய பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையின் நுனியோடு விரலால் பிணைக்க வேண்டும். ஓர் இழை மாறினாலும் சேலையில் கோடு விழும்.

பிறகு நெசவாளி தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்காருகிறார். கால் மிதிகட்டையில். கை நாடாவில். கண் பாவில். காலை வெளிச்சம் வந்ததும் உட்கார்ந்தால் மாலை வெளிச்சம் மங்கும் வரை அதே இடம். சாதாரணச் சேலைக்கே பல நாள் ஆகும். வேலைப்பாடு கூடியதென்றால் பதினைந்து நாளும் ஆகும், ஒரு மாதமும் ஆகும்.

கோர்வைச் சேலை என்றால் கேட்கவே வேண்டாம். உடல் ஒரு நிறம், இரண்டு கரையும் வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். ஒருவர் கை போதாது. பக்கத்தில் துணைக்கு ஒருவர் உட்கார வேண்டும். உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும்படி நெய்ய வேண்டும். அதனால்தான் அதற்குக் கோர்வை என்று பெயர்.

இத்தனையும் காஞ்சியில் நடக்கிறது. இத்தனையும் ஆரணியிலும் நடக்கிறது. இரண்டு ஊருக்கும் பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை பெரும்பாலும் குஜராத்தின் சூரத் நகரிலிருந்து வருகிறது. குழி ஒன்று. நாடா ஒன்று. முதுகு வலியும் ஒன்றுதான்!

வித்தியாசம் இல்லையா? இருக்கிறது. ஆரணிச் சேலை பொதுவாக எடை குறைந்தது. அதனால் விலையும் குறைந்தது. கனத்த சேலை வேண்டுமென்பவர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். ஆனால் முகூர்த்தச் சேலையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாமல் நாலு விசேஷத்துக்கும் உடுத்த நினைக்கும் பெண்ணுக்கு இலேசாக இருப்பதே வசதி. பலாப்பழம் பெரியது என்பதற்காக மாம்பழத்தை யாராவது வேண்டாம் என்பார்களா?

வாங்கும்போது ஆரணி, விற்கும்போது காஞ்சி

"சேலை விற்றால் சரி. எந்தப் பெயரில் விற்றால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான கேள்வியாகவே தோன்றும்.

கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள்.

ஆரணி நெசவாளிகளில் பலர் கூலி நெசவாளிகள். பாவு, ஊடை நூல், ஜரிகை எல்லாவற்றையும் முதலாளி கொடுப்பார். நெய்து கொடுத்தால் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. வீட்டில் கல்யாணம், பிள்ளைப்பேறு, வைத்தியம் என்று வந்தால் முன்பணம் வாங்குவார்கள். முன்பணம் வாங்கியவர் கூலியைப் பற்றி உரத்துப் பேச முடியாது.

சேலை வெளியூர்க் கடைக்குப் போகும்போது என்ன பேச்சு நடக்கும்? "இது ஆரணிச் சரக்குதானே! இதற்கு இந்த விலை அதிகம்" என்று பேரம் நடக்கும். அதே சேலை கடையின் கண்ணாடி அலமாரிக்குள் ஏறியதும் என்ன பேச்சு? "இது காஞ்சிப் பட்டு, அம்மா! இந்த விலைக்கு எங்கேயும் கிடைக்காது!"

வாங்கும்போது ஆரணி. விற்கும்போது காஞ்சி. இந்த இரண்டு பெயருக்கும் நடுவில் உள்ள பணம் யாரிடம் போகிறது? தறிக்குழியில் உட்கார்ந்தவரிடம் போவதில்லை. அது மட்டும் நிச்சயம்.

பெயர் இல்லாதவனுக்குப் பேரம் இல்லை. "இந்த ஊர்ச் சேலைதான் வேண்டும்" என்று பத்துப் பேர் தேடி வந்தால், நெசவாளி நிமிர்ந்து நின்று கூலி கேட்கலாம். யாருமே அந்த ஊர்ப் பெயரைக் கேட்காவிட்டால் அவர் யாரிடம் என்ன கேட்பார்?

நஷ்டம் ஆரணிக்கு மட்டுமா? காஞ்சிக்கும் நஷ்டம்தான். அங்கே கனத்த கோர்வைச் சேலையை நாள் கணக்கில் நெய்கிற நெசவாளிக்கு இந்தப் பெயர்தான் சொத்து. கண்ட சேலைக்கெல்லாம் அந்தப் பெயரை ஒட்டினால் சொத்து கரையும். சேலை வாங்கிய குடும்பத்துக்கும் நஷ்டம். ஒரு பொருளைக் கேட்டு வேறொரு பொருளுக்கு அவர்கள் பணம் கொடுத்திருக்கிறார்கள்.

காலியாகும் தறிகள்

இந்திய அரசாங்கம் எடுத்த கைத்தறிக் கணக்கைப் பாருங்கள். 1995-96 கணக்கில் நாடு முழுவதும் கைத்தறித் தொழிலில் இருந்தவர்கள் 65 லட்சத்துக்கும் மேல். 2009-10 கணக்கில் அது 43 லட்சம். 2019-20 கணக்கில் 35 லட்சம். கால் நூற்றாண்டுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேர் குறைந்துவிட்டார்கள். மிஞ்சியிருப்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள்.

எண்ணைப் படிப்பது சுலபம். அதன் பின்னால் உள்ள வீட்டைப் பார்ப்பது சுலபம் அல்ல. தந்தைக்குக் கண் மங்குகிறது. பிழை விழுந்தால் கூலியில் பிடித்தம். மகன் படித்தவன். "தறியில் உட்காரடா" என்று எந்தத் தந்தை சொல்வார்? மாதச் சம்பளம் கிடைக்கும் வேலைக்கு அனுப்பத்தான் பார்ப்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா?

இளைஞன் தறியை விட்டு ஓடுவது உழைப்புக்குப் பயந்து அல்ல. உழைப்புக்கு ஏற்ற கூலியும் இல்லை, மரியாதையும் இல்லை என்பதால்தான். கூலி கூட்டுறவு, அரசாங்கம், வியாபாரி என்று பலர் சேர்ந்து தீர்க்க வேண்டிய விஷயம். ஆனால் மரியாதை? பொருளுக்கு உரிய பெயரைச் சொல்லுவதிலிருந்தே அது ஆரம்பமாகும். அதற்குக் காசு செலவில்லை.

பிரான்சு நாட்டிலிருந்து ஒரு பாடம்

ஆரணித் தறியின் தலைக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். துளை போட்ட அட்டைகள் மாலை மாலையாக அதிலிருந்து தொங்கும். கரையில் மயிலும் அன்னமும் விழுவது அந்த அட்டைகளின் கணக்கால்தான். அதற்கு ஜக்கார்டுப் பெட்டி என்று பெயர். அதைக் கண்டுபிடித்தவர் பிரான்சு நாட்டின் பட்டு நகரமான லியோனைச் சேர்ந்த ஜோசப் மேரி ஜக்கார்டு. ஆண்டு 1804.

பெட்டியைக் கொடுத்த அந்த நாட்டில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அது ஊர்ப் பெயரைக் காப்பாற்றும் பாடம்.

பிரான்சு நாட்டில் திராட்சை மது பெரிய தொழில். மது நல்லதா கெட்டதா என்பது இங்கே பேச்சல்ல. பெயரைப் பற்றித்தான் பேச்சு. எந்த ஊர் மதுவுக்கு எந்த ஊர்ப் பெயர் என்று 1935-ல் அங்கே கண்டிப்பான சட்டம் வந்தது. ஷாம்பேன் பகுதியில் செய்ததற்குத்தான் ஷாம்பேன் என்று பெயர். பக்கத்து ஊர்க்காரர் அதே முறையில் செய்தாலும் அந்தப் பெயரைத் தொடக் கூடாது.

அந்த நாட்டின் மேற்கு ஓரத்தில், கடற்கரைக்குப் பக்கத்தில், நாந்து என்ற நகரம் இருக்கிறது. 1709-ல் கடுங்குளிர் வந்து அங்கே இருந்த திராட்சைக் கொடிகளை அழித்துவிட்டது. குளிரைத் தாங்கும் வேறொரு கொடியை நட்டார்கள். அதிலிருந்து எடுத்த வெள்ளை மதுவுக்கு மஸ்கதே என்று பெயர். அது ஏழைப் பெயர். மீன் சாப்பாட்டோடு குடிக்கும் மலிவுச் சரக்கு என்றுதான் வெகுகாலம் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் சில சிறு குடும்பங்கள் சும்மா இருக்கவில்லை. கொஞ்சமாகச் செய்தார்கள், நன்றாகச் செய்தார்கள். மண்டியை வடிக்காமல் அதன் மேலேயே மதுவை ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு என்று ஊற வைத்தார்கள். ருசி தெரிந்தவர்கள் வியந்தார்கள்.

அப்போது அவர்கள் புகழ் பெற்ற வேறு ஊரின் பெயரைக் கடன் வாங்கினார்களா? இல்லை. தங்கள் சிற்றூர்களின் பெயரையே முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். 2011-ல் க்ளிஸோன், கோர்ஜ், லெ பாலே என்ற மூன்று ஊர்களின் பெயரையும் புட்டியில் போட அங்கீகாரம் கிடைத்தது. அதற்கு முன் வெளியுலகில் அந்த ஊர்களின் பெயரை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

மலிவுப் பெயரைத் தூக்கி எறிந்துவிட்டுப் பெரிய பெயரைப் போர்த்திக்கொள்வது ஒரு வழி. சொந்தப் பெயரையே உயர்த்திக் காட்டுவது இன்னொரு வழி. இரண்டாவது வழி மெதுவானது. ஆனால் அதில் வரும் புகழ் பிறரிடம் போகாது. ஆரணிக்கு ஏற்றது அந்த இரண்டாவது வழிதான்.

சட்டம் இருக்கிறது

நம் நாட்டிலும் ஊர்ப் பெயரைக் காக்கச் சட்டம் உண்டு. 1999-ல் பாராளுமன்றம் புவிசார் குறியீட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. 2003-ல் அது நடைமுறைக்கு வந்தது. முதலில் பதிவானது டார்ஜிலிங் தேயிலை. காஞ்சிப் பட்டு 2005-ல் பதிவாயிற்று. ஆரணிப் பட்டும் அதே பதிவேட்டில் இருக்கிறது. ஆம், ஆரணிக்கென்று தனிப் பதிவு உண்டு! ஆரணியிலேயே எத்தனை பேருக்கு இது தெரியும்?

பதிவு பெற்ற ஊர்ப் பெயரைப் பொய்யாகச் சூட்டி ஒரு பொருளை விற்பது குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டம் இப்படிக் கடுமையாகவே இருக்கிறது.

ஆனால் சட்டப் புத்தகம் கடைக்குப் போய்ச் சேலை வாங்காது. மனிதர்கள்தான் வாங்குகிறார்கள். கேட்கிறவர்கள் கேட்டால்தான் சட்டத்துக்கு உயிர் வரும்.

வியாபாரி சொல்வது

வியாபாரிகளிடம் கேட்டால் அவர்கள் பக்கத்து நியாயம் ஒன்று சொல்வார்கள். "நாங்கள் என்ன செய்வது? வருகிறவர்கள் எல்லோரும் காஞ்சிதான் கேட்கிறார்கள். ஆரணி என்று சொன்னால் முகத்தைச் சுளிக்கிறார்கள். பாதி விலைக்குக் கேட்கிறார்கள்" என்பார்கள்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. சேலையைத் தொட்டுப் பார்க்காமல் பெயரை மட்டும் கேட்டு வாங்குகிறவர்களும் இந்தக் குற்றத்தில் பங்காளிகள்தான். சம்பந்தி வீட்டில் "காஞ்சிப் பட்டு" என்று சொன்னால்தான் கௌரவம் என்று நினைக்கிறார்கள். பொய்யைக் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கும் வரை பொய்யை விற்கிறவர்களும் இருப்பார்கள்.

ஆனால் வியாபாரிகளும் ஒன்றை யோசிக்க வேண்டும். வாடிக்கைக்காரரின் நம்பிக்கைதான் கடையின் முதல். "இது ஆரணி. எடை குறைவு, நெசவு சுத்தம், விலை நியாயம்" என்று உள்ளதைச் சொல்லிப் பாருங்கள். முதல் நாள் நாலு பேர் எழுந்து போகலாம். ஐந்தாவது ஆள் வாங்குவார். வாங்கியவர் ஏமாறவில்லை என்று தெரிந்தால் அடுத்த கல்யாணத்துக்கும் அந்தக் கடைக்கே வருவார்.

கைத்தறிக் கூட்டுறவுச் சங்கமான கோ-ஆப்டெக்ஸ் 1935-ல் தோன்றியது. நெய்தவரின் பெயரும் படமும் உள்ள அட்டையைச் சில சேலைகளோடு வைத்து விற்கும் வழக்கத்தை அது கொண்டுவந்தது. நெய்தவர் முகத்தையே காட்டி விற்க முடியுமென்றால், ஊர்ப் பெயரைச் சொல்லி விற்க முடியாதா?

ஆரணிக்கும் ஒரு சொல்

பெயரைக் கேட்டு வாங்கு என்று மக்களிடம் சொன்னால், பெயரைக் கெடுக்காதே என்று ஆரணிக்கும் சொல்ல வேண்டும்.

ஆரணியில் நெய்யப்படும் சேலையெல்லாம் உயர்ந்த சேலை என்று சொல்ல முடியாது. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்கிறவர்கள் உண்டு. செப்புக் கம்பி ஜரிகையையும் பிளாஸ்டிக் இழையையும் அசல் ஜரிகை என்று சொல்கிறவர்கள் உண்டு. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-ல் சட்டம் வந்தது. அதை மீறுவது கைத்தறிக்காரரின் வயிற்றில் அடிப்பதாகும்.

ஒரு போலிச் சேலை ஆரணி என்ற பெயரோடு வெளியே போனால், நூறு நல்ல சேலைகளின் பெயர் கெடும். ஆகவே நெசவாளர்களும் கூட்டுறவுச் சங்கங்களும் முதலாளிகளும் கூடிப் பேசி, "ஆரணிப் பட்டு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்" என்று உறுதியாக நிற்க வேண்டும். கொஞ்சமாக நெய்தாலும் போதும். குறையில்லாமல் நெய்ய வேண்டும்.

தாய்மார்கள் கேட்க வேண்டிய மூன்று கேள்வி

அடுத்த முறை பட்டுக் கடைக்குப் போகும் தாய்மார்கள் மூன்று கேள்வி கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: "இது சுத்தப் பட்டா?" மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004-ல் வந்த சில்க் மார்க் முத்திரை இதற்குப் பதில் சொல்லும். வீட்டிலும் சோதிக்கலாம். சேலையின் ஓரத்தில் பிரிந்து நிற்கும் ஓரிரு இழையை எடுத்துக் கொளுத்திப் பாருங்கள். பட்டாக இருந்தால் தலைமயிர் பொசுங்கும் நாற்றம் வரும். சாம்பல் விரலில் பொடியும். உருகி உருண்டையானால் அது பட்டு அல்ல.

இரண்டாவது கேள்வி: "இது கையால் நெய்ததா?" 2006-ல் வந்த கைத்தறி முத்திரை இதற்குப் பதில்.

மூன்றாவது கேள்வி: "இது எந்த ஊர்?" முதல் இரண்டு முத்திரையும் ஊரைச் சொல்லா. இதற்கு அந்த ஊரின் புவிசார் குறியீட்டு முத்திரை வேண்டும். கடைக்காரர் ஊரைச் சொன்னால், அதைப் பில்லிலும் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொல்வது காற்றோடு போகும். பில்லில் எழுதியது நிற்கும்.

ஜரிகையையும் கேளுங்கள். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றிப் பொன்முலாம் பூசியது. ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே பட்டு நூல் தெரிய வேண்டும்.

கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். கத்திரிக்காய் வாங்கும்போது காம்பைத் திருப்பிப் பார்க்கிறவர்கள், ஆயிரக்கணக்கில் பணம் கொடுக்கும்போது கேட்கக் கூடாதா?

பெயரைச் சொல்லட்டும்

கமண்டல நாகநதி ஆரணியைக் கடந்து போய்ச் செய்யாற்றில் கலக்கிறது. அங்கே அதன் பெயர் போய்விடுகிறது. செய்யாறு, காஞ்சிபுரத்துக்கு அப்பால் திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. அங்கே செய்யாற்றின் பெயரும் போய்விடுகிறது. கடலுக்குப் போகும்போது எல்லாம் பாலாறுதான்.

ஆறு அப்படிப் போகலாம். அது இயற்கை. அதற்குக் குடும்பம் இல்லை, கூலி இல்லை, படிக்க வைக்க வேண்டிய பிள்ளை இல்லை.

சேலை அப்படிப் போகக் கூடாது. அதன் பின்னால் ராட்டினத்தில் ஒரு தாய் இருக்கிறாள். தறிக்குழியில் ஒரு தந்தை இருக்கிறார். "அப்பா நெய்த சேலை எங்கே போகிறது?" என்று கேட்கும் பிள்ளை இருக்கிறது.

கல்யாண வீட்டில் அந்த அரக்குச் சேலையைப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாள் கேட்பார்: "சேலை நன்றாக இருக்கிறதே, எந்த ஊர்ப் பட்டு?"

"ஆரணி" என்று பாட்டி பெருமையோடு சொல்லும் நாள் வர வேண்டும். அந்த ஒரு சொல் காற்றில் அறுபது கிலோமீட்டர் போய், ஒரு தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவரின் முதுகை நிமிர்த்தும்.